தூளுக்குப் போன ஜூனிப்பர்

டொம்! டொம்! டொம்!

கீழ்வீட்டு சிஞ்ஞோரா விளக்குமாற்றுக் கட்டையால் தன் வீட்டு உட்கூரையை இடிக்கிறாள் என்றால், மேலே குகனேஸ்வரி மிளகாய் வறுக்கிறாள் என்று அர்த்தம். இத்தாலியத் துறைமுக நகரின் போர்கோ வெக்கியோ பேட்டையில் அந்தத் தெருவுக்கே இது தெரியும்.

பாரதிப்ரியா தும்மிக்கொண்டே கதவைத் திறந்தாள். திருச்சிப் பெண். பல்கலைக்கழகத்தில் காடுகளைப் பற்றி ஆராய்கிறாள். குகனேஸ்வரி வீட்டுப் பின்னறையில் வாடகைக்கு இருக்கிறாள். "நீயும் எனக்கொரு மகள்தான், சாப்பாட்டிலை வித்தியாசம் காட்ட மாட்டன்" என்று முதல் நாளே சொன்ன குகனேஸ்வரி, இன்றுவரை வாரம் ஒருமுறையாவது அதை நினைவூட்டத் தவறியதில்லை.

"வா பிள்ளை, கறித்தூளுக்கு வறுக்கிறன். மணந்து பார்!"

மேசையில் டொரொன்டோ மருமகனுக்கு அனுப்பும் பார்சல் பாதி கட்டியபடி கிடந்தது. மிளகாய், மல்லி, கறிவேப்பிலை வாசத்துக்கு நடுவே பிசின் மணம் ஒன்று மூக்கில் ஏறியது. பாரதிப்ரியாவின் தும்மல் நின்றுவிட்டது. இது மலையின் மணம்.

"ஆன்ட்டி, ஃபிரிட்ஜ்ல ஒரு ஊறுகாய் டப்பா வெச்சிருந்தேனே..."

"உன்ர அம்மா தந்துவிட்ட மிளகுதானே? ஓம், போட்டிட்டன். இஞ்சை மிளகு முடிஞ்சு போச்சு. கபோ சந்தைக்குப் போகப் பஞ்சியாக் கிடந்தது."

ஊரிலிருந்து வந்த பொடிகள் எல்லாம் அதே மாதிரி டப்பாக்களில்தான் இருந்தன. தப்பு யாருடையது என்று சொல்வது கஷ்டம்.

"அது மிளகு இல்ல ஆன்ட்டி! ஜூனிப்பர் விதை!"

"அது என்ன கறிக்குப் போடுறது?"

பாரதிப்ரியா நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள். மதோனியே மலையில் ஒரு ஜூனிப்பர் காடு கிழடாகிச் சாகிறது. ஆடு மேய்ந்து, முயல் கடித்து, இளங்கன்று ஒன்றுகூட மிஞ்சவில்லை. முள் குத்தக் குத்த அவள் பறித்துவந்து, சதையைத் தேய்த்து எடுத்த விதைகள் அவை. குளிரில் இருந்தால்தான் முளைக்கும் என்று ஃபிரிட்ஜில் வைத்திருந்தாள். நாளைக்கு நாற்றுப் பண்ணைக்குப் போக வேண்டும்.

"திரும்பப் போய்ப் பிடுங்கினால் என்ன? மரம் ஓடியே போச்சுது?"

"ஒரு காய் பழுக்கவே ரெண்டு வருஷம் ஆகும் ஆன்ட்டி. பழுத்தாலும் பாதி விதைக்கு மேல உள்ளுக்குள்ள ஒண்ணும் இருக்காது. ஆண் செடி ஒரு மூலையில, பெண் செடி ஒரு மூலையில நின்னா எப்படி?"

"அப்ப உன்னை மாதிரித்தான் எண்டு சொல்லு. என்னட்டைச் சொல்லியிருந்தால் சாதகம் பாத்துச் சேத்து வைச்சிருப்பன், உனக்கும் சேத்து."

பாரதிப்ரியா சிரிக்கவில்லை. கண் கலங்கியிருந்தது. அது மிளகாய்ப் புகையால் இல்லை.

"பேராசிரியர்கிட்ட என்னன்னு சொல்றது? காட்டை வறுத்துட்டோம்னா?"

குகனேஸ்வரி அடுப்பை அணைத்தாள். முதல் தடவையாக அவள் முகத்தில் கேலி இல்லை.

"சரி, அழாதை. உள்ளுக்கை ஒண்டுமில்லாத விதையை எப்பிடிக் கண்டுபிடிப்பியள்?"

"தண்ணில போட்டா காலி விதை மிதக்கும். நல்லது அடியில போயிடும். நாளைக்குக் காலையில அதைத்தான் செய்யலாம்னு இருந்தேன். இனி எதைப் போட?"

குகனேஸ்வரியின் கையில் அகப்பை அப்படியே நின்றது. அவள் சட்டியைப் பார்த்தாள். மேசையில் இருந்த பார்சலைப் பார்த்தாள். துறைமுகம்வரை கேட்கும் அவள் குரல் திடீரென்று இறங்கிவிட்டது.

"பிள்ளை... நல்ல மிளகு எதெண்டு பாக்க நானும் தண்ணியிலை போட்டுத்தான் எடுத்தனான். அடியிலை தாண்ட நல்லதெல்லாம் மருமகனுக்கெண்டு வறுக்காமல் அப்பிடியே பார்சலுக்கை வைச்சிட்டன். எங்கட தூளுக்கு மிதந்ததைத்தான் போட்டனான்."