கட்டிலோரம் ஒரு வாஷிங் மெஷின்

பஸ் டிரைவரை ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு வந்தார்கள். அவருக்கு முன்னால் அவர் மனைவியின் குரல் எங்கள் அவசரப் பிரிவுக்குள் நுழைந்துவிட்டது.

“யோவ், அந்த ஓட்ட வாஷிங் மெஷினப் பெட்ரூமுக்குத் தூக்காத, தூக்காதன்னு தலபாடா அடிச்சுக்கிட்டேனே, காதுல விழுந்துச்சா?”

“நீ பேசினா பக்கத்துத் தெருவுக்கே விழும்,” என்றார் அவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டே.

இந்தப் பிரிவின் தலைமை நர்ஸ் நான். எனக்குச் சத்தம் ஆகாது. இரண்டு பேரையும் ஒரு முறை முறைத்துவிட்டுப் பிரஷர் பார்த்தேன். வலது கையில் எக்கச்சக்கம், இடது கையில் அதைவிட மிகக் குறைவு. இரண்டு கைக்கும் இவ்வளவு வித்தியாசம் என்றால் ரத்தக்குழாய் கிழிந்திருக்கலாம். ஸ்கேன் அதையே உறுதி செய்தது.

டாக்டரம்மா அந்த மனைவியிடம் விளக்கினார். இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாயில் உள்சுவர் கிழிந்துவிட்டது. ரத்தம் சுவருக்குள்ளேயே புகுந்து ஓடுகிறது. வெளிச்சுவரும் விட்டால் ஆள் கையை விட்டுப் போய்விடுவார்.

அந்த அம்மா தையல்காரி. “கோட்டுக்குள்ள லைனிங் பிரிஞ்சுக்கிட்டே போற மாதிரியா?”

“அதேதாம்மா. கிழிஞ்சத வெட்டிட்டு வேற குழாய் வச்சுத் தைக்கணும்.”

“ரெட்டத் தையலாப் போடச் சொல்லுங்க. இந்த ஆளு சும்மா கிடக்க மாட்டாரு.”

இருப்பது ஒரே ஆபரேஷன் தியேட்டர். உள்ளே சர்ஜன் இன்னொருவரின் நெஞ்சைத் திறந்து வைத்திருந்தார். அவர் முடிக்கும்வரை டிரைவரின் நாடித்துடிப்பும் பிரஷரும் ஏறவே கூடாது. மருந்து சொட்டுச் சொட்டாக இறங்கியது, துடிப்பும் இறங்கியது. அதோடு விட்டிருக்கலாம். நான்தான் மேதாவி மாதிரி அந்த அம்மாவைத் தனியே அழைத்தேன்.

“இங்க பாருங்க, அவருக்குக் கோபமே வரக் கூடாது. என்ன சொன்னாலும் சரின்னு சொல்லுங்க. அன்பாப் பேசுங்க.”

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு போய்க் கட்டிலருகே நின்றார். “ஏங்க... அந்த மெஷின் பெட்ரூம்லயே இருக்கட்டுங்க. பார்க்க நல்லாத்தான் இருக்கு.”

டிரைவரின் கண்கள் விரிந்தன. மானிட்டர் கத்தத் தொடங்கியது.

“நீங்க சொன்னா சரியாத்தாங்க இருக்கும்.”

அவ்வளவுதான். எண் விறுவிறுவென்று ஏறியது. நான் மருந்தின் வேகத்தைக் கூட்ட ஓடினேன். டிரைவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“சிஸ்டர், உண்மையச் சொல்லுங்க. நான் பிழைக்க மாட்டேன்தானே? கல்யாணம் ஆன நாள்லேருந்து இவ என்னைய ‘ஏங்க’ன்னு கூப்பிட்டதே இல்ல!”

எனக்கு வந்த கோபத்துக்கு என்னையே நாலு அறை விட்டிருப்பேன். “அம்மா, நான் சொன்னத மறந்துடுங்க. வீட்டுல பேசுற மாதிரிப் பேசுங்க!”

அவர் ஒரு மூச்சு இழுத்துவிட்டு ஆரம்பித்தார். மெஷின் ஒழுகி மெத்தை நனைந்தது, எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடாமல் இவரே கை வைத்து வீட்டையே இருட்டாக்கியது, குடும்பத்தில் அத்தனை பேரின் பிடிவாதமும் இவர் ஒருவரிடமே சேர்ந்தது. டிரைவர் தலையணையில் சாய்ந்து, பாட்டுக் கேட்பவரைப் போலக் கண்ணை மூடிக்கொண்டார். எண்கள் படிப்படியாக இறங்கின. எனக்குச் சத்தம் ஆகாது என்றேனே, அன்று அந்தச் சத்தம் நின்றுவிடுமோ என்று பயந்துகொண்டிருந்தேன்.

டிரைவரை உள்ளே தள்ளிக்கொண்டு போய்த் தியேட்டர் கதவு மூடிய பிறகும் அந்த அம்மா கதவைப் பார்த்துத் திட்டிக்கொண்டுதான் இருந்தார். “வெளிய வாய்யா, உனக்கு இருக்கு!”

வந்தார். மறுநாள் ஐ.சி.யூ.வில் கண் விழித்தபோது வாயில் குழாய்; பேச முடியாது. அந்த அம்மா உள்ளே வந்து, அத்தனை ஒயர்களையும் பார்த்து, வாயடைத்து நின்றுவிட்டார். டிரைவர் அவர் முகத்தையே பார்த்தார். எண் ஏறத் தொடங்கியது. கூடப் போயிருந்த நான் அந்த அம்மாவின் முழங்கையில் இடித்தேன்.

“யோவ்,” என்றார், குரல் உடைந்து. “உன் மெஷினப் பழைய இரும்புக்குப் போட்டுட்டேன்.”

டிரைவர் புருவத்தை நெரித்து, ஒரு விரலைத் தூக்கி ஆட்டினார். எண் இறங்கியது. நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொண்டார்.

வெளியே வந்ததும் கேட்டேன். “நெஜமாவே போட்டுட்டீங்களா?”

“எங்க போடுவேன் சிஸ்டர்? வீட்டுக்குப் போய்ப் படுத்துட்டு வாங்கன்னு அனுப்புனீங்களே. விடியுறவரைக்கும் அது மேலதான் தலைய வச்சு உக்காந்திருந்தேன்.”