கெட்டி ஸ்பிரிங்

பக்கவாதம் வந்து இடது கை சோர்ந்துபோனபின் மசனோபுவுக்கு ஒரே ஆசைதான் மிஞ்சியிருந்தது. வாலிபத்தில் காசு போட்டு ஆடிய வீடியோ கேம் பெட்டியைப் போல ஒன்றை வீட்டிலேயே கட்டிவிட வேண்டும். கட்டுவது அவன் என்று பேர், கடை கடையாய் அலைந்ததென்னவோ அவன் மனைவி சிஸுருதான். விடியுமுன் எழுந்து தொழிற்சாலையில் சாப்பாட்டுப் பெட்டிகளுக்குச் சோறு அடைத்துவிட்டு, மதியம் ரயிலேறி, மின்சாதனக் கடைகள் நிறைந்த நிப்பொன்பாஷியில் இறங்கும்போது அவள் கால்கள் கல்லாய்க் கனக்கும்.

உள்ளே எந்தக் கணினியை வைப்பது என்பதிலேயே ஒரு மாதம் போயிற்று. உள்ளங்கை அகலத்துச் சின்னதே போதும், சூடாகாது என்பான். மறுநாளே, திரை நிறைய விமானங்கள் பறந்தால் அது திணறும், பழைய மேசைக் கணினிதான் சரி என்பான். பழைய கனத்த படக்குழாய் டிவியில்தான் படம் உயிரோடிருக்கும் என்றும் பிடிவாதம் பிடித்தான். அதைத் தூக்கிக்கொண்டு யார் மாடியேறுவது என்று அவள் கேட்டதும் தட்டைத் திரைக்கு ஒத்துக்கொண்டான். பெட்டியை அவன் தம்பி அறுத்துப் பொருத்திக் கொடுத்தான். பாக்கி இருந்தது இடது கையால் பிடித்து ஆட்டும் லீவர் மட்டும்தான். அதில் அவன் இறங்கியே வரவில்லை. கெட்டி ஸ்பிரிங் போட்டதுதான் வேண்டும், அந்தக் காலத்தில் அப்படித்தான் இருந்தது என்றான்.

கடைக்காரப் பெண் இரண்டு லீவர்களை எடுத்து வைத்தாள். கெட்டியானதை அசைக்கச் சிஸுருவுக்கே மணிக்கட்டு வலித்தது. மற்றது விரல் பட்டாலே சாய்ந்தது. அன்று காலையில்தான் அவன் இடது கையால் தேநீர்க் கோப்பையைத் தூக்கப் போய்க் கவிழ்த்திருந்தான், பாயைத் துடைத்தவள் அவள். யோசிக்காமல் மெல்லியதை வாங்கிக்கொண்டாள். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான்.

ஞாயிற்றுக்கிழமை தம்பி வந்து எல்லாவற்றையும் மாட்டிவிட்டுப் போனான். மசனோபு உட்கார்ந்து லீவரை ஒருமுறை அசைத்தான். உடனே கையை எடுத்துவிட்டான்.

"இது நான் சொன்னது இல்லையே."

பொய் சொல்ல அவளுக்குத் தெம்பில்லை. "இல்லதான். உங்க கைக்கு இது போதும்னு நான்தான் வாங்கினேன்."

"என் கைக்கு எது போதும்னு டாக்டர் சொல்றாரு, பயிற்சி குடுக்கறவ சொல்றா, இப்ப நீயும் சொல்ற. தோத்தா நான்தானே தோக்கறேன்?"

"வாரம் பூரா நின்ன காலு இது. இனி மாத்தணும்னா நீங்களே போய் வாங்குங்க, நீங்களே மாட்டுங்க. என்னால முடியல."

சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள்.

மறுநாள் வேலை முடிந்து வந்தால் வீட்டில் ஆளில்லை, கைத்தடியும் இல்லை. நோய் வந்ததிலிருந்து அவன் தனியாகத் தெருமுனையைக்கூடத் தாண்டியதில்லை. தேடிப் போகவேண்டும் என்று மனம் அடித்துக்கொண்டது, கால் எழவில்லை. செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசற்படியிலேயே உட்கார்ந்திருந்தாள். பொழுது சாயும் நேரம் சட்டை நனைய வியர்த்து வந்து சேர்ந்தான். கையில் சின்னக் காகித உறை, அதில் ஸ்பிரிங் மட்டும்.

"லீவர் அதுவே இருக்கட்டும். ஸ்பிரிங்க மாத்தினா போதும்," என்றான். ரயிலில் யாரோ எழுந்து இடம் கொடுத்ததாகவும், தான் உட்காரவில்லை என்றும் சொன்னான்.

திருகாணிகளை வலது கையால் கழற்றி இடது கையில் வைத்துக்கொண்டான். அவை உருண்டு உருண்டு விழுந்தன. பொறுக்கித் தர எழுந்தவள், அவன் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்ப உட்கார்ந்தாள். மாட்டி முடிக்க அவனுக்குச் சில நாள் பிடித்தது.

அதன்பின் தோல்விதான். கை வழுக்கும், விமானம் வெடிக்கும், மறுபடி தொடங்குவான். மெல்லியதையே போட்டுவிடலாமா என்று அவள் ஒருமுறை கேட்டதற்கு வேண்டாம் என்று தலையாட்டினான்.

கை பெரிதாய்த் தேறவில்லை. மழைக்காலத்தில் ஆட்டத்தின் இரண்டாம் கட்டத்தை எட்டிப் பார்த்தான், அவ்வளவுதான். ஆனால் தோஃபுவும் வெங்காயத்தாளும் வாங்க இப்போது அவனே தடியூன்றிக் கிளம்பிவிடுகிறான். அந்த நேரத்தில் சிஸுரு தூங்குகிறாள்.