அவள் பெட்டிக்கு மட்டும் கேட்ட வேன்

மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தாலும் தெருவில் அவளுக்கு ஏரியல் அக்கா என்றுதான் பெயர். மொட்டைமாடியில் அவள் நட்டிருந்த ஆன்டெனா செய்த வேலை அது. பொழுதுபோக்காக ரேடியோவில் மற்றவர்களோடு பேசுகிற, லைசென்ஸ் வாங்கிய அமெச்சூர் ரேடியோக்காரி. அவளைப் போன்றவர்கள் தங்கள் வண்டிகளில் ஒரு சின்னக் கருவி வைத்திருப்பார்கள். வண்டி எங்கே இருக்கிறது என்பதை அது அவ்வப்போது ரேடியோவில் சொல்லும். மாடியறையில் இருந்த அவளுடைய பெட்டி அதைப் பிடித்து இன்டர்நெட்டில் போடும். மேப்பில் வண்டி ஒரு புள்ளியாகத் தெரியும்.

ஒரு மத்தியானம் டிரைவிங் ஸ்கூல்காரர் கடைக்கு வந்தார். அவரும் ரேடியோ கிளப்காரர்தான். கூடவே அவர் மனைவியின் தம்பி. இருவர் முகமும் சரியில்லை.

"என் வேன் காணாம போச்சு. மேப்ல பார்த்தா இன்னும் ஸ்கூல் வாசல்லயே நிக்குதுங்குது," என்றார் அவர்.

"போலீஸ்ல சொன்னீங்களா?"

"சொல்லியாச்சு. ஆனா அந்த சிக்னல் உங்க பெட்டி வழியா மட்டும்தான் வருது. ஊர்ல வேற எவனுக்கும் கேக்கல. அதெப்படி?"

"என்னையா சந்தேகப்படுறீங்க?"

"நீங்களே பொய் சிக்னல் அனுப்பி விளையாடுறீங்களோன்னு கேக்கறோம்," என்றான் மச்சினன். லென்ஸ் மாற்ற வந்திருந்தவர் சட்டென்று திரும்பிப் பார்த்தார்.

அவளுக்குக் காது மடல் சுட்டது. அவர்கள் போய் வெகுநேரம் கழித்துத்தான் மூளை வேலை செய்தது. வண்டி தகரக் கூரைக்கு அடியில் இருந்தால் இடம் காட்டும் சாட்டிலைட் சிக்னல் கருவிக்குக் கிடைக்காது. கருவி கடைசியாகத் தெரிந்த இடத்தையே கிளிப்பிள்ளையாகச் சொல்லிக்கொண்டிருக்கும். தகரத்தைத் தாண்டி மெலிசாக வரும் அந்தச் சத்தம் தன் பெட்டிக்கு மட்டும் கேட்கிறதென்றால் வேன் கூப்பிடு தூரத்தில்தான் நிற்க வேண்டும்.

அதன்பின் தெருவில் யாரைப் பார்த்தாலும் அவளுக்கு ஒரு மாதிரியாக இருந்தது. கதவைப் பாதி சாத்தியிருந்த மரக்கடைக்காரர், எதிர்வீட்டுக்குப் புதிதாக வந்தவர் என்று ஆளுக்கு ஆள் கூண்டில் ஏற்றி இறக்கினாள். ஒருவனை மட்டும் ஒதுக்கி ஒதுக்கி வைத்தாள். அவள் கொழுந்தன். வீட்டுக்குப் பின்னால் வண்டிகளுக்கு பெயின்ட் அடிக்கும் தகர ஷெட் வைத்திருந்தான். தினமும் அவள் வீட்டில் சாப்பிடுகிறவன், கொஞ்ச நாளாகத் தலையே காட்டவில்லை.

கடைசியில் கைரேடியோவின் ஆன்டெனாவைக் கழற்றிவிட்டு நடந்தாள். ஆன்டெனா இல்லாமலும் சிக்னல் கேட்டால் வண்டி பக்கத்தில் என்று அர்த்தம். மரக்கடை வாசலில் ரேடியோ மூச்சுவிடவில்லை. ஷெட் கதவருகே கீச்சென்று கத்தியது.

"இங்க என்ன அண்ணி?" கதவிடுக்கில் கொழுந்தன் முகம் தெரிந்தது.

"கதவைத் திற."

உள்ளே வெள்ளை வேன் பாதி நீலமாகியிருந்தது.

"டிரைவிங் ஸ்கூல்காரரோட மச்சினன்தான் கொண்டுவந்து விட்டான். கலர் மாத்தணும்னான். அவன் அக்கா வீட்டுக்காரருக்குத் தெரியும்னு சொன்னான்."

"தெரியும்னா பட்டப்பகல்ல ஏன்டா கதவை சாத்திக்கிட்டு வேலை பாக்கறே?"

அவன் துணியில் கையைத் துடைத்தான். துடைத்துக்கொண்டே இருந்தான்.

சத்தம் கேட்டு வந்த அவள் கணவர், "வெளிய தெரியாம வண்டியை எங்கயாவது விட்டுடலாம். நம்ம வீட்டுப் பையன்டி," என்றார். அவள் அவர் முன்னாலேயே டிரைவிங் ஸ்கூல்காரருக்கு போன் போட்டாள்.

ஸ்கூல்காரர் தனியாக வந்தார். மச்சினன் போனை எடுக்கவில்லை. நீல பெயின்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "உங்க கொழுந்தனுக்கும் இதுல பங்கு இருக்குமோ?" என்று கேட்டார்.

"எனக்குத் தெரியாது," என்றாள்.

"அண்ணி, நீங்களுமா?" என்றான் கொழுந்தன்.

இரண்டு நாள் கழித்து மச்சினன் பிடிபட்டான். கொழுந்தனை போலீஸ் ஸ்டேஷனில் விசாரித்து எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். டிரைவிங் ஸ்கூல்காரர் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை; கிளப்பில் பார்த்தால் தலையை மட்டும் ஆட்டுவார்.

கொழுந்தன் மறுபடி சாப்பிட வர ஆரம்பித்தான். "இப்ப ஷெட்ல யார் வண்டி?" என்று சோறு போட்டுக்கொண்டே கேட்பாள். அவன் குனிந்தபடியே சொல்வான். அவன் கை கழுவப் போனதும் பின்ஜன்னல் வழியாக அவள் ஷெட்டை ஒருதரம் எட்டிப் பார்த்துக்கொள்வாள்.