மன்ரோ கூட்டத்து இசபெல்

சான் பிரான்சிஸ்கோ ஏர்போர்ட் வாசலில், பெட்டியைக் காரில் ஏற்றுவதற்கு முன்பே மரகதம் கேட்டுவிட்டாள்.

"மாப்ள என்ன கூட்டம்டா?"

கோபிசெட்டிபாளையத்திலிருந்து முதல்முறையாக இவ்வளவு தூரம் பறந்து வந்திருக்கும் அக்கா, இளைத்துவிட்டாய் என்பாள், குளிருகிறது என்பாள், தண்ணீர் கேட்பாள் என்றெல்லாம் நினைத்துக்கொண்டு வந்திருந்தான் நஞ்சுண்டன். இப்படி எடுத்த எடுப்பிலேயே கழுத்தில் துண்டைப் போடுவாள் என்று எதிர்பார்க்கவில்லை. மகள் தென்றல் கட்டிக்கொள்ளப்போகும் மாப்பிள்ளை பெயர் கேலம் மன்ரோ. பிறந்தது டெக்சாஸ், வேலை சன்னிவேலில். செம்பட்டைத் தலை, வாசல்படியில் இடித்துக்கொள்கிற உயரம். அவனுக்குக் கூட்டத்துக்கு எங்கே போவது?

கொங்குப் பக்கத்தில் கூட்டம் என்பது சாதாரண விஷயம் இல்லை. ஒரே முன்னோரின் வழியில் வந்தவர்கள் ஒரு கூட்டம். அந்தக் கூட்டத்தில் எந்த மூலையில் யார் பிறந்திருந்தாலும் அண்ணன் தங்கைதான். அவர்களுக்குள் கல்யாணப் பேச்சே கிடையாது. ஆகவே யார் வீட்டில் சம்பந்தம் என்றாலும் முதல் கேள்வி கூட்டம்தான். சம்பளமெல்லாம் அதற்குப் பிறகு.

"மன்ரோ கூட்டங்க்கா," என்றான் நஞ்சுண்டன், டிக்கியை மூடியபடி. "ஸ்காட்லாண்டுக்காரங்க எல்லாருக்கும் கூட்டம் உண்டு. நம்மளாட்டவே."

இது பொய்யில்லை. கேலமே சொல்லியிருக்கிறான். அவர்கள் கூட்டத்துக்குக் கழுகுச் சின்னம் கூட இருக்கிறது. நஞ்சுண்டன் வீட்டார் ஆந்தைக் கூட்டம் என்று கேட்டபோது அவன் குதித்த குதியை நினைத்தால் இன்றைக்கும் சிரிப்பு வரும்.

"மன்ரோவா? மெட்ராஸ்ல குதிரை மேல உக்காந்திருக்காரே, அவரு வகையறாவா?"

ஆமாம் என்று சொல்லிவிட நாக்கு துடித்தது. பிளசன்டனில் இருக்கும் வீடு போய்ச் சேரும்வரை நிம்மதியாக இருந்திருக்கலாம். "விசாரிக்கணுங்க்கா," என்று மட்டும் சொன்னான். அங்கேதான் மாட்டிக்கொண்டான்.

"விசாரி. ஏழு தலைமுறை விசாரி."

நஞ்சுண்டன் வீட்டுக் கல்யாணங்களில் ஒரு வழக்கம். தாலி கட்டுவதற்கு முன் பெண்ணின் அத்தை எழுந்து நின்று, இரண்டு வீட்டாரின் ஏழு தலைமுறைப் பெயரையும் சபையில் சொல்லவேண்டும். மரகதம் சொன்னால் மைக்கே வேண்டாம், பக்கத்து மண்டபத்துக்கும் கேட்கும். தென்றல் சிறுமியாக இருந்தபோது கோபியில் ஒரு கல்யாணத்தில் அதைக் கேட்டுவிட்டு, 'என் கல்யாணத்துக்கும் அத்தை சொல்லணும்' என்று அன்றைக்கே சொல்லி வைத்துவிட்டாள்.

"பேரே தெரியாத ஊட்டுக்கு நான் எப்படி எந்திரிச்சு நிக்கறது?" என்றாள் மரகதம், அன்று மாலை காப்பியை ஆற்றிக்கொண்டே. "ஏழு பேரைக் கொண்டா. இல்லாட்டி பந்தியில ஒரு ஓரமா உக்காந்து சாப்புட்டுட்டுப் போறேன். என்னை விட்டுருங்க."

தென்றல் அப்பாவைச் சமையலறைக்கு இழுத்துக்கொண்டு போனாள். "அப்பா, அத்தை சொல்லலன்னா எனக்கு அது வெட்டிங்கே இல்ல. ப்ளீஸ், ஃபிக்ஸ் பண்ணுங்க."

"நீங்கதானுங்க கூட்டம் கூட்டம்னு வாயக் குடுத்தீங்க," என்றாள் மனைவி எழிலரசி, தன் பங்குக்கு. "நீங்களே தேடுங்க."

அப்படித்தான் நஞ்சுண்டன் ஸ்காட்லாண்டில் செத்துப்போனவர்களைத் தேடக் கிளம்பினான்.

முதலில் டாலஸில் இருக்கும் சம்பந்தி ஹ்யூ மன்ரோவுக்கு போன் போட்டான். தன் அப்பா அலெக், தாத்தா வில்லியம், அதற்குமேல் கேட்காதீர்கள் என்று மனிதர் வெடித்துச் சிரித்தார். அடுத்த சனிக்கிழமை கேலம் லேப்டாப்போடு வந்து உட்கார்ந்தான். வில்லியமின் அப்பா இன்னொரு ஹ்யூ. அவருக்கு அப்பா டொனால்ட்; அவர்தான் கப்பல் ஏறி அமெரிக்கா வந்தவர். ஆறு பேர் ஆயிற்று. டொனால்டின் அப்பா யார் என்ற இடத்தில் வண்டி நின்றுவிட்டது.

இந்தக் கரையில் ஒரு தகவலும் இல்லை. அந்தக் கரையில்தான், டொனால்ட் பிறந்த ஊர்ச் சர்ச்சின் சாவுப் பதிவுகளில் தேட வேண்டும். அதுவோ ஒரு தனிக் கூத்து. அந்தக் காலத்தில் செத்தவர்கள் பெயரை ஒழுங்காக எழுதி வைக்கவேண்டும் என்று பல சர்ச்சுகளில் யாருக்கும் தோன்றவில்லை. எழுதியதெல்லாம் துணிக் கணக்கு. பெட்டிமேல் போர்த்த ஒரு கறுப்பு வெல்வெட் துணி சர்ச்சில் இருக்கும். சாவு வீட்டார் அதை வாடகைக்கு வாங்கிப் போர்த்திவிட்டுத் திருப்பித் தருவார்கள். யாருக்காக வாங்கினார்கள், வாங்கிப் போனது யார் என்று குறித்து வைப்பார்கள். சாவுக்கு மிஞ்சியது அந்த வரி ஒன்றுதான். அதையும் எழுதியவன் கையெழுத்து இருக்கிறதே, எறும்பு மைக்கூட்டில் விழுந்து எழுந்து நடந்தது மாதிரி.

நஞ்சுண்டனுக்கு அலுக்கவில்லை. உண்மையைச் சொன்னால் ருசி கண்டுவிட்டான். ஆபீஸ் மீட்டிங்கில் கேமராவை அணைத்துவிட்டு மன்ரோக்களைப் புரட்டினான். எழிலரசி ஒருநாள் சாம்பாரில் உப்பு எப்படி என்று கேட்டதற்கு, "அது வேற ஜான், நம்ம ஜான் இல்ல," என்று பதில் சொன்னான்.

கடைசியில் கேலம்தான் அந்த வரியைக் கண்டுபிடித்தான். 'ஆற்றங்கரை ஜான் மன்ரோவின் மனைவி இசபெல் மன்ரோ, வயது எழுபத்தொன்பது. மகன் டொனால்ட் அமெரிக்கா போய்விட்டபடியால், துணியை அவள் தம்பி அலெக்ஸாண்டர் மன்ரோ வாங்கிச் சென்றான்.'

"கெடச்சிருச்சு!" என்று நஞ்சுண்டன் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. ஜான். ஏழாவது தலைமுறை.

கேலம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். "அங்கிள், ஒண்ணு சொல்லணும். ஸ்காட்லாண்ட்ல பழைய ரெக்கார்ட்ல வைஃப் பேரு, அவங்க அப்பா பேரோடதான் எழுதுவாங்க. ஹஸ்பண்ட் பேரு இல்ல. சோ, இசபெல் பிறந்தப்பவே மன்ரோ."

தென்றலிடம் கற்ற தமிழ். தப்பில்லாமல் சொன்னான். நஞ்சுண்டன்தான் அது தப்பாக இருக்கக்கூடாதா என்று ஒரு நிமிடம் ஏங்கினான்.

"ரெண்டு பேரும் மன்ரோவா?"

"யா! அந்த ஊர்ல பாதிப் பேர் மன்ரோ. ரொம்ப காமன்."

ஒரே கூட்டம். அக்கா கணக்குப்படி அண்ணனும் தங்கையும் கட்டிக்கொண்ட வீடு. அந்த வழியில் வந்த பையனுக்கு அவள் எழுந்து நிற்பதாவது! கோபிக்கு அடுத்த பிளேனைப் பிடித்துவிடுவாள்.

"கேலம், அத்தைகிட்ட ஜான் வரைக்கும் சொன்னாப் போதும்," என்றான். "லேடீஸ் பேரு நம்ம வழக்கத்துல சொல்றதில்ல." இந்த வழக்கம் அவன் வாயில் அந்த நொடியில் பிறந்த வழக்கம்.

ஏழு பெயரும் மரகதத்திடம் போய்ச் சேர்ந்தன. அவள் இரண்டு நாளில் மனப்பாடம் செய்துவிட்டாள். கேலம், ஹ்யூ, அலெக், வில்லியம், ஹ்யூ, டொனால்ட், ஜான். கொள்ளுத்தாத்தா பேரைக் கொள்ளுப்பேரனுக்கு வைத்திருக்கிறார்கள், நல்ல குடும்பம்தான் என்று சர்டிபிகேட்டும் கொடுத்தாள். நஞ்சுண்டன் அன்றைக்குத்தான் நன்றாகத் தூங்கினான்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் எல்லாம் போயிற்று. சாப்பிட வந்த கேலம் அத்தைக்கு ஒரு பரிசு கொண்டுவந்திருந்தான். அந்தப் பழைய பக்கத்தைப் பெரிதாக அச்சடித்து, கண்ணாடிச் சட்டம் போட்டு. ஜானைப் பற்றி மட்டும் சொல்லச் சொன்னது அவனுக்கு நினைவிருந்தது, பாவம். ஆனால் துணியைப் பற்றிச் சொல்லவேண்டாம் என்று யாரும் சொல்லவில்லையே.

"அத்தை, இது துணி. செத்தவங்க மேல போடுற துணி. சர்ச்ல வாங்கணும். பாருங்க, யார் வாங்கினாங்கன்னு எழுதியிருக்கு."

மரகதம் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "கோடித் துணியா? அவியளுக்கும் உண்டா? யாரு வாங்குனது?"

"தம்பி! ஜானோட வைஃபோட தம்பி. அலெக்ஸாண்டர் மன்ரோ."

நஞ்சுண்டன் ரசத்தை விழுங்க மறந்தான்.

"பொறந்த ஊட்டுக் கோடி," என்றாள் மரகதம் மெல்ல. "செரிதான், பொறந்தவன்தானே போடணும்." பிறகு அவள் விரல் அந்தக் கண்ணாடிமேல் நின்றுவிட்டது. "பொறந்தவனும் மன்ரோ. புருசனும் மன்ரோ."

தென்றல் அப்பாவைப் பார்த்தாள். எழிலரசி அப்பளத்தைப் பார்த்தாள். கேலம் மட்டும் சந்தோஷமாகத் தலையாட்டினான். "ஆமா அத்தை. ரெண்டு பேரும் ஒரே கூட்டம்!"

மரகதம் கை கழுவிக்கொண்டு, சட்டத்தை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்விட்டாள்.

பெட்டி கட்டுகிறாள் என்று நினைத்துத்தான் நஞ்சுண்டன் பின்னாலேயே ஓடினான். அவள் கட்டிலில் உட்கார்ந்து, சட்டத்தை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, அது அந்தக் காலம். குளிரு ஊரு. வெளிய போயிப் பொண்ணு தேட முடியாம..."

"சும்மா இருடா. இந்தப் பொம்பள எத்தனை வருசம் இருந்தா?"

"எழுபத்தொன்பது."

"கொழந்தைங்க?"

"அஞ்சு. எல்லாரும் நல்லாத்தான் இருந்திருக்காங்க. அதுல, அமெரிக்கா போயிட்டான்னு இதுலயே எழுதியிருக்கே, அந்த டொனால்டு வழிதான் நம்ம மாப்ள."

"ஊர்ல மழை பெய்யாம போச்சா? ஆத்துல தண்ணி நின்னு போச்சா?"

ஸ்காட்லாண்டில் மழைக்குப் பஞ்சமில்லை என்று மட்டும் நஞ்சுண்டனுக்குத் தெரியும். அதையே சொன்னான்.

அக்கா சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள்.

"அந்தியூர்ல சென்னியப்பன்னு ஒரு வாத்தியார் இருந்தாரு. நீ அப்ப டவுசர் போட்டுட்டுத் திரிஞ்ச, உனக்குத் தெரியாது. என்னையக் கேட்டு ஆள் அனுப்புனாரு. எனக்கும் புடிச்சிருந்துச்சு. நெம்பப் புடிச்சிருந்துச்சு." சட்டத்தின் ஓரத்தைத் தடவினாள். "அவரும் ஆந்தைக் கூட்டம். அண்ணனக் கட்டிக்கறயான்னு அப்பன் கேட்டாரு. அதோட முடிஞ்சுது."

"அக்கா..."

"உங்க மாமா நல்ல மனுசன்தான். நல்லா வெச்சிருந்தாரு, நல்லாவே போயிச் சேந்தாரு. குறை சொன்னா என்ற நாக்கு அழுகிப் போயிரும். ஆனா ஊர்ல யாரு கல்யாணம்னாலும் நான்தான் மொத ஆளா என்ன கூட்டம்னு கேட்டேன், தெரியுமா? எனக்கு ஒரு நியாயம்னா எல்லாத்துக்கும் அதே நியாயம் இருக்கோணும்னு. இத்தனை வருசம் காவல் காத்தேன்டா. இங்க பாத்தா ஒருத்தி சத்தமில்லாம கட்டிக்கிட்டு, அஞ்சு பெத்து, பொறந்தவன் கையால கோடி வாங்கிட்டுப் போயிருக்கா."

அக்காவின் கூட்டக் கேள்வியைக் கிண்டல் செய்து நஞ்சுண்டன் எத்தனை பேரிடம் சிரித்திருக்கிறான்! அவள் பக்கத்தில் உட்கார்ந்து, சிறுவயதில் போல அவள் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டான். சட்டம் இரண்டு பேர் மடியிலும் பாதி பாதியாகக் கிடந்தது.

"மகன் அமெரிக்கா போயிட்டான்னு வேற எழுதியிருக்குன்னு சொன்னியே," என்றாள் அவள், அவன் தலையில் ஒரு குட்டு வைத்து. "அப்பவே இந்தப் பொழப்புதானா?"

கல்யாணம் கோயில் மண்டபத்தில் நடந்தது. ஹ்யூ மன்ரோ கட்டம் போட்ட பாவாடையும் அதன்மேல் சரிகைத் துண்டுமாக வந்து, எல்லா மாமாக்களோடும் செல்ஃபி எடுத்துக்கொண்டார். சான் ஹோசேயிலிருந்தும் நியூ ஜெர்சியிலிருந்தும் வந்த கொங்கு உறவுகள் மூன்று வரிசையை அடைத்திருந்தார்கள்.

நேரம் வந்தபோது மரகதம் எழுந்து நின்றாள். நீட்டிய மைக்கைத் தள்ளிவிட்டாள். தென்றலின் பக்கத்து ஏழு தலைமுறையும் மூச்சு விடாமல் வந்தன. பிறகு மன்ரோக்கள் வந்தார்கள். அவள் வாயில் வில்லியம் வில்லியப்பன் ஆகாமல் தப்பித்ததே பெரிது. ஜான் வரை வந்து நிறுத்தினாள். ஐயர் தாலியை எடுக்கக் கையை நீட்டினார்.

"இருங்க சாமி, முடியல," என்றாள் மரகதம். சபையை ஒருமுறை பார்த்தாள். "அந்த ஜானோட சம்சாரம் இசபெல். பொறந்ததும் மன்ரோ கூட்டம், புகுந்ததும் மன்ரோ கூட்டம். எழுபத்தொன்பது வயசு வரைக்கும் புருசன், புள்ள குட்டியோட நல்லா வாழ்ந்த மகராசி. அவ வம்சத்துக்கு என்ற தம்பி மவளக் குடுக்கறோம்."

மூன்று வரிசையிலும் ஒரு சலசலப்பு. "என்னது, ஒரே கூட்டமா?" என்று முன்வரிசையில் ஒரு மாமா பக்கத்து மாமாவைக் கேட்டார். மரகதம் அவரைத் திரும்பிப் பார்த்தாள். மாமா அட்சதையை எண்ண ஆரம்பித்துவிட்டார். அதற்குள் கெட்டிமேளம்.

பந்தியில் நஞ்சுண்டன் அக்கா பக்கத்தில் உட்கார்ந்தான். அவள் வடையைப் பாயசத்தில் பிய்த்துப் போட்டுக்கொண்டே, அவன் பக்கம் திரும்பாமல் சொன்னாள்.

"இருநூறு வருசத்துக்கு முந்தி, எங்கயோ கண்காணாத ஊர்ல இருந்தவியளையெல்லாம் தேடிப் புடிச்சுட்ட."

"ஆமாங்க்கா."

"உசுரோட இருக்கற ஒரு ரிட்டையர்டு வாத்தியாரு, அந்தியூர்லயோ பக்கத்துலயோ. அவரு நம்பரு கெடைக்குமாடா?" வடை பாயசத்தில் மூழ்கிவிட்டதா என்று குனிந்து பார்த்தாள். "சும்மா, நல்லா இருக்காரான்னு கேக்கத்தான்."

நஞ்சுண்டன் இலையை அப்படியே விட்டுவிட்டு, இடது கையால் போனை எடுத்தான்.