பத்து மணிக் கடற்காற்று

உத்தமபாளையத்துக்கும் தேவாரத்துக்கும் நடுவே உள்ள எங்கள் ஊரில், விஜயகுமார் வீட்டுக்குள் மட்டும் ஏழு வருடமாக இருபத்தொன்பது டிகிரி. சித்திரை உச்சிவெயிலிலும் அவ்வளவுதான், மார்கழி விடியலிலும் அவ்வளவுதான். தூத்துக்குடியிலிருந்து அவன் கட்டிவந்த ஜாய்ஸோடு கடலும் வந்துவிட்டது. காலை பத்து மணிக்கு வீட்டிலிருந்து தெருவுக்கு உப்புக்காற்று அடிக்கும். பொழுது சாய்ந்ததும் தெருக்காற்று வீட்டுக்குள் போகும். நிலம் சட்டென்று காய்ந்து சட்டென்று ஆறும், கடல் இரண்டுக்கும் சோம்பேறி என்று பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள்தான் நாங்கள். ஆனாலும் அவளை எங்களுக்குப் பிடிக்கவில்லை. பூட்டு துருப்பிடித்தாலும் அவளைத் திட்டினோம், அப்பளம் நமுத்தாலும் அவளைத்தான்.

பக்கத்துத் தோட்டத்துச் சுருளிராஜனுக்குப் பன்னீர் திராட்சைப் பந்தல். ஐந்தாம் வருடம் ஈரக்காற்றில் இலையெல்லாம் பூசணம் பிடித்தது.

“ஏலே விஜயகுமாரு, ஒம் பொண்டாட்டிய அவ ஊருக்கே அனுப்பிச்சிரு. இல்லேன்னா நாங்க அனுப்புவோம்” என்று வாசலில் நின்று கத்தினார். விஜயகுமார் தலையைக் குனிந்துகொண்டான். ஜாய்ஸ்தான் வெளியே வந்தாள்.

“எனக்கு வீடு இதுதான். நான் எங்கயும் போவ மாட்டேன்.”

கண்மாய்க் கரை உடைந்தால் வீட்டுக்கு ஓர் ஆள் வேலைக்கு வருவது எங்கள் வழக்கம். அப்படியே வந்து, ஹாலோ பிளாக் கல்லால் அந்த வீட்டைச் சுற்றி இருபதடிச் சுவர் எழுப்பினோம். போக வர ஓர் இரும்புக் கதவு மட்டும் வைத்தோம். காற்றை அடைத்ததில்தான் ஏமாந்தோம். ஐந்து வருடம் அந்தக் காற்றுக்குப் பழகி எங்கள் மண் பழைய வெயிலையும் குளிரையும் தாங்க மறந்திருந்தது. பகலில் நாற்பத்தைந்து, விடியலில் ஒன்பது. திராட்சை கொடியிலேயே வெந்து சுருங்கியது. எட்டாம் நாள் உச்சிப்பொழுதில் சுருளிராஜன் கடப்பாரையோடு வந்து, தன் பந்தலைப் பார்த்தாற்போல் சுவரில் ஒரு துளை போட்டார். சாயங்காலத்துக்குள் ஆளாளுக்கு ஒன்று போட்டதில் பதினான்கு துளைகள் ஆயின. மன்னிப்பு என்று ஒரு வார்த்தை யாரும் கேட்கவில்லை. வெட்கமாகத்தான் இருந்தது, வெறுப்பும் அப்படியே இருந்தது. ஜாய்ஸ் ஒவ்வொரு துளைக்கும் உள்பக்கம் சாளைக் கருவாட்டைக் கட்டித் தொங்கவிட்டாள்.

போன கிறிஸ்துமஸுக்குத் தூத்துக்குடி போக அவள் பையோடு பஸ்ஸுக்கு நின்றாள். எதிரே சுருளிராஜன் கையைக் கட்டிக்கொண்டு வந்து நின்றார். இரண்டு வருடம் கழித்து அவளிடம் பேசினார்.

“என்னைக்குத் திரும்பி வருவ?”

பஸ் வந்ததும் அவள் ஏறிப் போய்விட்டாள். ஐந்து நாள் ஊரே பகலில் வெந்து, விடியலில் நடுங்கியது. ஆறாம் நாள் காலை பத்து மணிக்குத் துளைகளில் கருவாட்டு வாடை அடித்தது. சுருளிராஜன் மூக்கைப் பொத்திக்கொண்டு, கொடி வெட்டும் கவாத்துக் கத்தியோடு பந்தலுக்குள் போனார்.