நாலு கிண்ணம் ராமென்

"இந்தா பாரு பிள்ள, பெரியவரு அடுத்த வாரம் ஊருக்குப் போறாரு. போறதுக்கு முன்னால அந்தப் பொம்பளையப் பாத்து ரெண்டு வார்த்த பேசணும்னு ஆசப்படுதாரு. அவ எதையாவது ஒளறுவா. எல்லாத்தையும் நீ அப்படியே சொல்லணும்னு இல்ல, கேட்டியா?"

காரிலிருந்து இறங்கும்போது சுடலைமுத்து சார் என்னிடம் இதைச் சொன்னார். எங்கள் கம்பெனியின் எச்.ஆர். மேனேஜர். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், ஓசூருக்கு வந்து பன்னிரண்டு வருடமாகிறது. நான் தலையாட்டினேன். மூன்று வருடமாகத் தலையாட்டித்தான் பழக்கம். கார் பாகங்கள் செய்யும் அந்த ஜப்பானியக் கம்பெனியில் நான் மொழிபெயர்ப்பாளர். மூக்கண்டப்பள்ளியிலிருந்து வாரக் கடைசிகளில் பெங்களூருக்குப் பஸ் ஏறி, நின்றுகொண்டே புத்தகம் படித்துக் கற்ற ஜப்பான் மொழி. வீட்டில் நான் கெசியா, ஆபீஸில் ஜப்பானிய மரியாதைச் சொல் சேர்த்து கெஷியா சான்.

நாங்கள் போன ஜப்பானியச் சாப்பாட்டுக் கடை சர்வீஸ் ரோட்டில், ஒரு டைல்ஸ் ஷோரூமுக்கு மேலே முதல் மாடியில் இருந்தது. மத்தியானமானால் சுற்றுவட்டாரக் கம்பெனிகளின் ஜப்பானியர்கள் இங்கேதான் வருவார்கள். வாசலில் பாதி உயரத்துக்கு நீலத் துணி தொங்கும். அதை விலக்கி உள்ளே போனதும் சமையலறையில் இருந்தவர்கள் எல்லோரும் சேர்ந்து ஒரே குரலில் கத்தினார்கள். வாசலில் எங்களுக்காகக் காத்திருந்து எனக்குப் பின்னால் வந்த முனிலட்சுமி அக்கா அப்படியே நின்றுவிட்டார்.

"எதுக்கு மேடம் கத்துறாங்க?"

"வாங்கன்னு சொல்றாங்கக்கா."

"வாங்கன்னு சொல்றதுக்கா இவ்ளோ சத்தம்," என்றார். சிரிக்கவில்லை.

அவரை அதற்கு முன் நான் நேரில் பார்த்ததில்லை. அவர் வேலை பார்த்த பிரஸ் ஷாப், தகடுகளை அச்சில் அழுத்தி வெட்டும் பகுதி, எங்கள் ஆபீஸிலிருந்து நடந்தால் நாலு நிமிடம்தான். ஆனால் அங்கே மேனேஜர்களோடு மட்டுமே போயிருக்கிறேன். அப்போதும் அவர்கள் பார்க்கச் சொன்ன பக்கம்தான் பார்த்திருக்கிறேன். அக்காவுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். உத்தனப்பள்ளியிலிருந்து பஸ்ஸில் வந்திருந்தார். மெஜந்தா நிறப் பட்டுப்புடவை, தலை நிறைய சாமந்தி. பெரிய இடத்துக் கல்யாணத்துக்கு வந்தவர்போல உடுத்தியிருந்தார். வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் இல்லை. நாலு மாதத்துக்கு முன் பிரஸ் மெஷின் இறங்கியபோது போனவை.

மொரித்தா சான் எழுந்து வணக்கம் சொன்னார். எங்கள் ஆலையின் தலைவர், சுடலைமுத்து சார் சொன்ன பெரியவர். நரைத்த முடி, மெலிந்த உடம்பு, எப்போதும் கொஞ்சம் தூக்கம் கெட்ட முகம். நாங்கள் உட்காரும் முன்பே சுடலைமுத்து சார் ஆர்டர் கொடுத்திருந்தார், நாலு சிக்கன் ராமென்.

"நான் சனிக்கெழம கறி சாப்ட மாட்டனுங்க," என்றார் முனிலட்சுமி அக்கா. "பெருமாளுக்கு."

"கறிய எடுத்து வச்சிட்டு சாப்பிட வேண்டியதுதானம்மா. வெறும் நூடுல்ஸ்தான அது."

நான் சமையலறைப் பக்கம் போய் ஒரு கிண்ணத்தைக் காய்கறியாக மாற்றச் சொன்னேன். அங்கே கொதித்தது முழுக்க எலும்புச் சாறுதான், காய்கறிக் கிண்ணத்தில் அது எவ்வளவு இருக்குமோ தெரியாது. அதையும் கேட்டு, எண்ணெயும் மிசோ என்ற சோயா விழுதும் மட்டும் போட்டுச் செய்யச் சொல்லிவிட்டு வந்தேன். திரும்பி வந்தபோது சுடலைமுத்து சார் வாட்சைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கிண்ணங்கள் வந்தன. ராமென் ஊறிப் போவதற்குள் சாப்பிட வேண்டும், பேச்சு பிறகுதான் என்றார் மொரித்தா சான். சத்தமாக உறிஞ்சலாம், அது மரியாதைக் குறைவில்லை என்றும் சொல்லச் சொன்னார். சொன்னேன். அவரே பணிப்பெண்ணைக் கூப்பிட்டு முனிலட்சுமி அக்காவுக்கு ஒரு ஃபோர்க் வரவழைத்தார். அக்கா அதை இடது கையில் வாங்கினார். நூடுல்ஸ் சுற்றுவதும் நழுவுவதுமாக இருந்தது. ஒரு தடவை வாய்வரை வந்து, நழுவி, பட்டுப்புடவையில் விழுந்தது. நான் கை நீட்டினேன். "வேணாம்," என்றார். புடவையில் விழுந்ததை எடுத்து மேசை ஓரத்தில் வைத்துவிட்டு மறுபடி ஃபோர்க்கை உள்ளே விட்டார். மொரித்தா சான் தன் கிண்ணத்தைப் பார்த்துக் குனிந்துகொண்டார். சுடலைமுத்து சார் மட்டும் முட்டையை முழுசாக வாயில் போட்டு மென்றுகொண்டிருந்தார்.

பாதிக் கிண்ணத்தில் மொரித்தா சான் சாப்ஸ்டிக்குகளைக் கீழே வைத்தார். "இதை நான் கேட்டே ஆக வேண்டும்," என்றார் ஜப்பானியத்தில். "பட்டனில் ஏன் டேப் ஒட்டினீர்கள்? வேலை அவ்வளவு கஷ்டமாக இருந்ததா?"

அந்த மெஷினுக்கு இரண்டு பட்டன்கள். இரண்டையும் இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் மேலிருக்கும் அச்சு இறங்கும். கை உள்ளே மாட்டக்கூடாது என்பதற்காகத்தான் அந்த ஏற்பாடு. ஒரு பட்டனை டேப் போட்டு அமுக்கி வைத்துவிட்டால் ஒரு கை காலியாகும். அந்தக் கையால் அடுத்த தகட்டை வேகமாகத் தள்ளலாம். செய்து முடிக்கும் எண்ணிக்கை ஏறும். கையும் உள்ளே போகும்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்? விபத்து அறிக்கையை ஆங்கிலத்திலிருந்து ஜப்பானியத்துக்கு மாற்றியவள் நான். அதில் முனிலட்சுமி என்ற பெயர் இல்லை, 'ஆபரேட்டர் ஏ' என்றுதான் இருந்தது. ஆபரேட்டர் ஏ, பாதுகாப்பு பட்டனை வேண்டுமென்றே டேப் ஒட்டிச் செயலிழக்கச் செய்திருந்தார். 'வேண்டுமென்றே' என்பதற்குச் சட்டத்தில் வரும் சரியான ஜப்பானியச் சொல்லைத் தேடிக் கண்டுபிடித்ததில் அன்று எனக்குச் சின்ன சந்தோஷம்கூட இருந்தது. இப்போது அதை நினைத்தால் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம்போல் இருக்கிறது.

கேள்வியைத் தமிழில் சொன்னேன். முனிலட்சுமி அக்கா ஃபோர்க்கை வைத்தார்.

"நான் ஒட்டுனனா? யார் சொன்னது? லைன் லீடர் மாதேஷுதான் ஒட்டி உட்டாரு. என்துல மட்டும் இல்ல, பதினோரு மெஷின்லயும். ஆடிட் வந்தா பிச்சிடுவாரு, அவங்க அந்தாண்ட போனதும் இந்தாண்ட ஒட்டுவாரு. நான் வேணாம்னு ஒரு நாளு பிச்சன். அன்னிக்கு மூணு மணி நேரம் என்ன ஒக்கார வெக்காம நிக்க வெச்சாரு. சொல்லு மேடம் அவருகிட்ட."

சுடலைமுத்து சார் சிரித்த முகத்தை மாற்றாமல் என் பக்கம் சாய்ந்தார். "தெரியாமச் செஞ்சிட்டேன், மன்னிச்சிக்கோங்கன்னு கேக்கான்னு சொல்லு பிள்ள. அவ்வளவுதான். முடிச்சிரு."

முனிலட்சுமி அக்கா என்னைப் பார்த்தார். பிறகு தாழ்ந்த குரலில் கன்னடத்தில் கேட்டார். "நிஜ ஹேள்தீயா?"

உண்மையைச் சொல்வாயா. பன்னிரண்டு வருடம் ஓசூரில் இருந்தும் சுடலைமுத்து சாருக்கு அந்த இரண்டு வார்த்தை புரியவில்லை. எனக்குப் புரிந்தது. அந்த மனுஷன் என்னை ஒரு குழாய் மாதிரி நினைத்திருந்தான். திறந்தால் வரும், மூடினால் நிற்கும். அப்படி நினைக்கவிட்டவளும் நான்தான்.

நான் மொரித்தா சானைப் பார்த்து எல்லாவற்றையும் சொன்னேன். மாதேஷின் பெயரை, பதினோரு மெஷினை, ஆடிட்டை, மூன்று மணி நேரத்தை. ஒன்றையும் மழுப்பவில்லை. முடித்துவிட்டு மூச்சு எடுத்து இதையும் சேர்த்தேன்: "இவர் மன்னிப்புக் கேட்கிறார் என்று உங்களிடம் சொல்லும்படி எச்.ஆர். மேனேஜர் இப்போது என்னிடம் சொன்னார். இவர் மன்னிப்புக் கேட்கவில்லை."

தன் பதவியின் பெயர் என் வாயில் வந்ததும் சுடலைமுத்து சார் மெல்லுவதை நிறுத்தினார்.

மொரித்தா சான் கொதித்து எழுவார் என்று எதிர்பார்த்தேன். அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன், உண்மை ஜப்பானியத்தில் அவர் காதில் விழுந்துவிட்டால் எல்லாம் மாறிவிடும் என்று. அவர் கிண்ணத்தின் விளிம்பை ஒரு விரலால் தடவினார்.

"ஷித்தே இமஸ்," என்றார்.

தெரியும். முதல் மாதப் பாடத்தில் வரும் சொல். மூன்று வருடத்தில் நான் மொழிபெயர்க்கத் திணறியது அந்த ஒரு சொல்லைத்தான்.

அவர் நிதானமாகப் பேசினார். விபத்துக்கு மறுநாள் காலையில் தானே பிரஸ் ஷாப்புக்குப் போனதாகவும், பதினோரு மெஷின்களிலும் டேப் பிய்த்த பசை ஒட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்ததாகவும் சொன்னார். அதை அப்படியே எழுதினால் தலைமை அலுவலகம் பிரஸ் ஷாப்பை மூடிவிடும். வேலை தாய்லாந்துக்குப் போய்விடும். இங்கே அறுநூறு பேர். ஆகவே ஒருவர் தவறு என்று முடித்துவிட்டார்கள். தன் வாழ்க்கையில் இதைவிட வெட்கப்பட்ட நாள் இல்லை என்றார்.

நான் அதையும் தமிழில் சொன்னேன். வார்த்தைக்கு வார்த்தை.

"அப்ப இவருக்குத் தெரியும்."

"தெரியும்கா."

"தெரிஞ்சேதான் எழுதினாரு." முனிலட்சுமி அக்காவின் குரல் உயரவில்லை. "எங்கூட்டுக்காரரு தெனமும் கேக்குறாரு, கம்பெனிக்காரன் சும்மாவா எழுதுவான், நீதான ஏதோ பண்ணனன்னு. எங்க ஊர்ல பாதிப் பேரு என்ன பாத்தா பேச்ச நிறுத்துறாங்க. அறநூறு பேரு பொழைக்கணும்னா அந்த அறநூறு பேர்ல நான் இல்லியா? கேளு இவர."

கேட்டேன். மொரித்தா சான் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து, மேசைக்குப் பக்கத்தில் நின்று, இடுப்பிலிருந்து முழுசாகக் குனிந்தார். கவுன்டரில் சாப்பிட்டுக்கொண்டிருந்த இரண்டு ஜப்பானியர்கள் திரும்பிப் பார்த்துவிட்டு உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அவர் நிமிரவே இல்லை. அவருடைய உச்சந்தலை தெரிந்தது, கொஞ்சம் வழுக்கை விழுந்த உச்சந்தலை.

"குனியறது இருக்கட்டும்," என்றார் முனிலட்சுமி அக்கா. "பன்னெண்டாம் தேதி லேபர் ஆபீஸ்ல என் கேஸு விசாரண இருக்குது. இப்ப சொன்னத எழுதிக் குடுக்கச் சொல்லு."

சொன்னேன். குனிந்தபடியே, தரையைப் பார்த்து அவர் பதில் சொன்னார். "அது முடியாது."

"முடியாதுங்கறாருக்கா."

"நெனச்சன்." முனிலட்சுமி அக்கா என் பக்கம் முழுசாகத் திரும்பினார். "அந்தப் பேப்பர ஜப்பான் பாஷைல எழுதினது யாரு?"

பொய் சொல்லியிருக்கலாம். அப்போது அவருக்குத் தெரிந்திருக்க வழியில்லை.

"நான்தான்கா."

"நீயா?"

"ஆமாக்கா."

"பிரஸ் ஷாப்பு உங்க ஆபீஸுக்கு எவ்ளோ தூரம்?"

"நாலு நிமிஷம்."

"வந்து என்ன ஒரு வார்த்த கேட்டியா?"

"இல்லக்கா."

மேடம் போய் நீ ஆகியிருந்தேன். அது எனக்கு வலித்தது என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. அவர் ஃபோர்க்கைக் கிண்ணத்துக்குள் போட்டார், எழுந்தார், நீலத் துணியை விலக்கிக்கொண்டு போய்விட்டார். சமையலறையில் இருந்தவர்கள் வழக்கப்படி ஒரே குரலில் நன்றி சொல்லிக் கத்தினார்கள்.

"ஒனக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு?" சுடலைமுத்து சார் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார். "சொல்றதச் சொல்லுததுதான் ஒன் வேல."

"அதத்தான் சார் செஞ்சேன். மூணு வருஷத்துல இன்னிக்குத்தான் செஞ்சேன்."

"திங்கக்கெழம ஆபீஸுக்கு வா, பேசிக்கிடுதேன்."

மொரித்தா சான் நிமிர்ந்திருந்தார். என்னைக் கூப்பிட்டார், ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவர் சொல்வதை இனி யாருக்கும் மாற்றிச் சொல்ல எனக்கு மனமில்லை. பையை எடுத்துக்கொண்டு படி இறங்கினேன்.

முனிலட்சுமி அக்கா ராயக்கோட்டை ரோடு பஸ் நிறுத்தத்தில் நின்றிருந்தார். ஓடிப் போனதில் எனக்கு மூச்சு வாங்கியது. பக்கத்தில் போய் நின்றேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. கிரானைட் கல் ஏற்றிய லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. வெயிலில் அவர் புடவையில் நூடுல்ஸ் விழுந்த கறை காய்ந்து விறைத்திருந்தது.

"அக்கா, அந்த ரிப்போர்ட்டு என்கிட்ட இருக்கு. ஆங்கிலத்துல இருந்தது, நான் எழுதுனது, ரெண்டும். இன்னிக்கு அவர் பேசினதையும் நான் வந்து சொல்றேன். பன்னெண்டாம் தேதி."

"வேல போயிடும்."

"போகும்."

"இப்ப கோவத்துல சொல்ற. திங்கக்கெழம அந்தாளு கூப்ட்டுப் பேசுனா கரைஞ்சிடுவ."

அப்படி ஆகாது என்று என்னைப் பற்றி எனக்கே உறுதியில்லை. அது அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். என் கையிலிருந்த பையைப் பார்த்தார். பிறகு, "நோட்டு வெச்சிருக்கியா?" என்றார்.

"இருக்கு."

"எடு. இப்பவே எழுது. ஜப்பானும் வேணாம், இங்கிலீசும் வேணாம். தமிழ்ல எழுது, நான் படிச்சிப் பாக்கணும். ஒவ்வொரு பக்கத்துக்கும் கீழ நீ கையெழுத்துப் போடணும்."

நிறுத்தத்தின் சிமென்ட் பலகையில் உட்கார்ந்து நோட்டை மடியில் வைத்தேன். அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். மாதேஷ் முதல் தடவை டேப்போடு வந்த கிழமை. டேப்பின் நிறம், கறுப்பு. பக்கத்து மெஷின்களில் இருந்தவர்களின் பெயர்கள், வினோதா, சௌமியா. ஓரிடத்தில் அவர் குனிந்து படித்துவிட்டு என்னை நிறுத்தினார்.

"இது என்னா? 'அகற்றிவிடுவார்'? நான் எப்ப அப்படிச் சொன்னன்? பிச்சிடுவாருன்னு சொன்னன். பிச்சிடுவாருன்னு எழுது."

அடித்துவிட்டு எழுதினேன்.

உத்தனப்பள்ளி வழியாகப் போகும் பஸ் வந்து நின்றது. கண்டக்டர் படியிலிருந்து எங்களைப் பார்த்து ஊர்ப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். முனிலட்சுமி அக்கா திரும்பவில்லை. விபத்து நடந்த அன்று காலை எத்தனை மணிக்கு மெஷினில் நின்றார் என்பதைச் சொல்லிக்கொண்டிருந்தார். விசில் அடித்து பஸ் கிளம்பியது. பின்னாலேயே வந்த லாரியின் காற்றில் நோட்டின் தாள்கள் படபடவென்று எழும்பின. அவர் என் பக்கத்தில் உட்கார்ந்து, வலது கையை விரித்துத் தாளின் மேல் அழுத்தி வைத்தார். மூன்று விரல். இன்னும் சிவப்பு ஆறாத இரண்டு மழுங்கிய முனைகள். கையை எடுக்கவில்லை. அந்தக் கையைச் சுற்றி, மிச்சமிருந்த வெள்ளை இடத்தில் நான் எழுதிக்கொண்டே போனேன்.