பாலத்து எழுத்துக் காவல்

கூட்டுறவுச் சங்கம் தொடங்கிய ஆண்டின் குளிர்காலத்தில் எங்கள் லியூஹே ஊர் மரப்பாலத்தில் எல்லோரும் எழுதப் படிக்கக் கற்க வேண்டும் என்று எழுத்துக் காவல் போட்டார்கள். ஆற்றைக் கடந்து சந்தைக்குப் போகிற எவரும் பாலத்து முனையில் நிற்க வேண்டும். அங்கே ஒரு கரும்பலகையில் அன்றைய சொல் எழுதியிருக்கும். படித்தால் போகலாம். தெரியாவிட்டால் காவலுக்கு நிற்பவர் சொல்லிக்கொடுப்பார். வாயிலும் விரலிலும் அது படியும்வரை அங்கேயே நிற்க வேண்டும். பக்கத்து ஊர்களிலும் இதே ஏற்பாடுதான். ஆரம்பத்தில் எல்லோரும் சிரித்துக்கொண்டேதான் நின்றார்கள்.

ஷி தாகுய்க்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. அவர் தோஃபு போட்டு விற்பவர். முதல் சேவலுக்கு முன் எழுந்து, ஊறிய சோயாவைக் கழுதை பூட்டி அரைத்து, பால் காய்ச்சி, திரித்து, துணியில் கட்டிப் பாரம் வைத்து, காவடியில் இரண்டு வாளியாகத் தொங்கவிட்டுக் கிளம்புவார். சந்தையூர் உணவுச்சாலைக்குத் தோஃபு சூடாக இருக்க வேண்டும். வழியில் உறைந்துபோனால் அதற்குள் ஓட்டை விழுந்துவிடும். சமையல்காரர் ஒரு விரலால் அழுத்திப் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பிவிடுவார். பாலத்தில் கொஞ்சம் நின்றால் போதும், அன்றைய உழைப்பு போயிற்று. அந்த வீட்டில் அடுப்பு எரிய வேறு வழி கிடையாது.

அவர் மனைவி வான்யிங், வயல் வேலை இல்லாத மாதங்களில் பெரியவர்களுக்கு இரவில் நடக்கும் எங்கள் குளிர்காலப் பள்ளியில் முதலாவதாகத் தேறியவள். பெண்கள் பிரிவுக்கு அவளே வாத்தியார். பொழுது சாயும் நேரத்தில் மறுநாளுக்கான சொல்லைப் பலகையில் எழுதுவதும் அவள்தான். தாகுய் அதே பள்ளியில் சுவரோரம் உட்கார்ந்து தூங்குவார்.

காவலுக்கு நின்ற லாய்ஷெங் அவர்களுக்கு அடுத்த வீட்டுக்காரன். "தாகுய் அண்ணே, வீட்டுல வாத்தியாரம்மாவ வச்சுக்கிட்டு இங்க வந்து முழிக்கிறீங்களே. ராத்திரி என்னதான் பாடம் நடக்குது?" என்பான்.

"குறட்டைப் பாடம்டா. அதுல நான்தான் முதல்" என்பார் தாகுய். வரிசையே சிரிக்கும். வாளிமேல் ஆவி குறைந்துகொண்டே போகும்.

தொடர்ந்து தோஃபு திரும்பி வந்ததும் வான்யிங் ஒரு வழி கண்டுபிடித்தாள். மறுநாள் பலகையில் என்ன எழுதியிருக்கிறாள் என்பதைச் சாப்பிடும்போதே கணவனிடம் சொல்லிவிட்டாள்.

"நாளைக்கு 'மழை'. பலகையைப் பாத்துச் சொல்லுங்க. அவன் மூஞ்சியப் பாத்துச் சொல்லாதீங்க."

"மழை. சரி. கஞ்சிய ஊத்து."

அதன் பிறகு தாகுய் நிற்காமல் போனார். ஊர்த்தலைவர் பாங் கூட்டத்திலேயே அவரைப் பாராட்டினார். தோஃபுக்காரரே படித்துவிட்டார், இனி யாரும் சாக்குச் சொல்ல முடியாது என்றார். தாகுய் தலைகுனிந்து புகைக்குழாயைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

குளிர் தணியத் தொடங்கிய ஒரு காலையில் ஊரில் எத்தனை பேர் படித்தார்கள் என்று கணக்கெடுக்க மாவட்டத்திலிருந்து பார்வையாளர்கள் வந்தார்கள். பலகையில் வான்யிங் 'ஏர்' என்று எழுதி வைத்திருந்தாள். வருகிறவர்களுக்குப் பெரிய சொல்லாகக் காட்டலாம் என்று பாங் விடிந்ததும் அதை அழித்து, 'கூட்டுறவு' என்று தன் கையால் எழுதிவிட்டார். அதை யாருக்கும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய விஷயமாக அவருக்குத் தோன்றவும் இல்லை.

தாகுய் காவடியோடு வந்தார். வேற்று ஆட்களைப் பார்த்ததும் இன்னும் நிமிர்ந்தார்.

"ஏர்" என்றார் சத்தமாக.

பார்வையாளர் ஒருவர் சிரித்தார்.

"மறுபடி பாருங்க பெரியவரே."

"ஏர்தான். நல்லாத் தெரியும் எனக்கு."

அப்போது எல்லோருமே சிரித்தார்கள். பாங் மட்டும் சிரிக்கவில்லை. "இத்தன நாளும் ஊரையே ஏமாத்திருக்க. நில்லு இங்க. கத்துக்கிட்டுப் போ" என்றார். தாகுய் பலகைக்குப் பக்கத்தில் நின்று, காற்றில் விரலால் எழுதிக்கொண்டேயிருந்தார். போகிறவர்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டு போனார்கள். இரண்டு வாளியும் கல்லாக உறைந்தன.

மறுநாள் அவர் பாலத்துக்குப் போகவில்லை. வளைவைத் தாண்டிக் கரையிறங்கி, உறைந்த ஆற்றின்மேல் நடந்து அக்கரை ஏறினார். எழுத்து ஏறாத வேறு சிலரும் முன்பு அப்படிப் போனவர்கள்தான். ஆனால் குளிர் விட்டு, மண்ணுக்குள் பூச்சிகள் விழிக்கும் பருவம் பிறந்துவிட்டால் எங்கள் பக்கத்தில் யாரும் ஆற்றில் கால் வைப்பதில்லை. பனிக்கட்டி மேலே வெள்ளையாகத்தான் தெரியும். அடியில் தண்ணீர் தின்றுகொண்டிருக்கும்.

அப்படிச் சில நாள் போனபின், ஒரு காலையில் வான்யிங் வாசலில் வழிமறித்தாள். "பாலத்துல போங்க. தலைவர்கிட்ட நான் பேசுறேன். தோஃபு உறைஞ்சா உறைஞ்சிட்டுப் போகுது."

"பேசி? 'என் புருஷன் முட்டாள், விட்டுருங்க'ன்னா?"

"உசுரோட இருக்கிற முட்டாளா இருங்க."

"நேத்து வரைக்கும் ஆறு என்னைத் தாங்கிருச்சு. நகரு, தோஃபு ஆறிடும்."

அவர் காவடியோடு போனதும் அவள் தலைவர் பாங்கிடம் போனாள். பனி முழுக்கக் கரையும்வரை காவலை எடுத்துவிடச் சொன்னாள். "கணக்கெடுப்பு முடியட்டும்மா. இப்ப எடுத்தா நம்ம ஊருக்குத்தான் கெட்ட பேரு" என்றார் அவர். அவள் திரும்பி வருவதற்குள் கரையில் ஆட்கள் ஓடினார்கள். அக்கரைக்குச் சற்று முன்னால் பனிக்கட்டி உடைந்திருந்தது. காவடிக் கம்பு மட்டும் ஓட்டையின் குறுக்கே கிடந்தது.

பிற்பகலில் ஆற்றின் கீழ்ப்போக்கில் அவர் உடலை எடுத்தார்கள். கதவுப் பலகையில் கிடத்தி, பாலத்தின் வழியாகவே தூக்கி வந்தார்கள். லாய்ஷெங் தலைமாட்டில் பிடித்திருந்தான்.

ஏழாம் நாள் சடங்குக்கு, போனவருக்கென்று காகிதப் பணம் எரித்தாயிற்று. அடுத்த காலையில் வான்யிங் தானே தோஃபு போட்டுக் காவடியைத் தூக்கிக்கொண்டு பாலத்துக்கு வந்தாள். லாய்ஷெங் பலகையைச் சட்டென்று திருப்பி வைத்தான்.

"நீங்க போங்க அண்ணி."

அவள் வாளிகளை இறக்கி வைத்தாள். "கேளு."

"உங்ககிட்ட என்னத்தக் கேக்குறது."

"அவர்கிட்டக் கேட்டீல்ல. கேளு."

பின்னால் ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள். அவன் பலகையைத் திருப்பினான். 'விதை' என்று எழுதியிருந்தது. அவள் அதைப் பார்த்தாள்.

"தெரியாது" என்றாள்.

"அண்ணி, என் பெண்டாட்டிக்கே இதச் சொல்லிக்கொடுத்தது நீங்கதான்."

"தெரியலன்னா நிக்கணும். நிக்கிறேன். நீ சொல்லிக்கொடு."

லாய்ஷெங் குச்சியை எடுத்து எழுத்தின்மேல் வைத்தான். "விதை" என்றான். அவள் திருப்பிச் சொல்லவில்லை. அவன் மறுபடி சொன்னான். வரிசையில் நின்ற ஒருவரும் அவளைத் தாண்டிப் போகவில்லை. வாளித் துணியின்மேல் ஆவி நின்றுவிட்டது. அவன் சொல்லிக்கொண்டேயிருந்தான், அவள் பலகையைப் பார்த்தபடி வாயை மூடி நின்றாள்.